ரிவ்யூ கட்டுரை அனுப்பும் முன்: யார் பெயர் வரலாம், எதையெல்லாம் சொல்லியாக வேண்டும்

கேட்டவர் சென்னையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அசிஸ்டன்ட் புரொஃபசர். சர்க்கரை நோய்க்கான ஒரு மருந்து வகையைப் பற்றி ரிவ்யூ கட்டுரை (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது) ஒன்றை முக்கால்வாசி எழுதி வைத்திருக்கிறார். எச்ஓடி, அதாவது துறைத்தலைவர், தன் பெயர் முதலில் வர வேண்டும் என்கிறார், கூடவே வேறு துறையில் இருக்கும் தன் நண்பர் பெயரையும் "சேர்த்துடுங்க" என்கிறார். அந்த மருந்தை விற்கும் கம்பெனியின் ஆள் "எங்க மெடிக்கல் ரைட்டிங் டீம் பாலிஷ் பண்ணிக் கொடுப்பாங்க டாக்டர், உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல" என்கிறார். இங்கிலீஷைச் சரிசெய்ய சாட்ஜிபிடியும் பயன்பட்டிருக்கிறது. இதில் எது கூடாது, எதைச் சொல்லிவிட்டால் போதும் என்பது கேள்வி.

உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது எச்ஓடி விவகாரம் என்று கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. நாளைக் காலை அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும், புரிகிறது. ஆனால் இந்த நாலில் மோசமானது கம்பெனிக்காரர் சமாச்சாரம்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஒரிஜினல் ஆய்வில் நீங்கள் சொல்வதை நம்பாதவர் டேபிளைப் பார்க்கலாம், கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம், டேட்டாவைக் கொடு என்று கேட்கலாம். ரிவ்யூவில், அதிலும் நம் ஊரில் பெரும்பாலும் எழுதப்படும், ஆசிரியரே ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்துத் தன் போக்கில் எழுதும் நேரேட்டிவ் ரிவ்யூவில், அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. எந்த ஆய்வைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், எந்தப் பக்கவிளைவை ஒரே வரியில் கடந்துவிட்டு எந்தப் பலனுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கினீர்கள், அவ்வளவுதான் கட்டுரை. படிக்கிறவர், அவர் கீழ்ப்பாக்கத்தில் பிஜி படிக்கிறவராக இருந்தாலும் சரி, தர்மபுரியில் தனியாக கிளினிக் நடத்துகிறவராக இருந்தாலும் சரி, உங்கள் தேர்வை நம்பித்தான் மருந்துச்சீட்டு எழுதப் போகிறார். அந்தத் தேர்வில் மருந்து விற்பவருக்குக் கை இருந்தால் அது படிக்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இது வெறும் சந்தேகம் இல்லை. பிறர் விடும் சிகரெட் புகையால் வரும் தீங்கு பற்றிய 106 ரிவ்யூ கட்டுரைகளை ஆராய்ந்து 1998ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அவற்றில் 39 கட்டுரைகள் தீங்கு இல்லை என்று முடித்திருந்தன, அந்த 39ல் 29ஐ எழுதியவர்களுக்குப் புகையிலைக் கம்பெனிகளோடு தொடர்பு இருந்தது. கட்டுரையின் தரம், வெளிவந்த வருஷம், எடுத்துக்கொண்ட விஷயம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தும், முடிவோடு ஒட்டி வந்தது அந்தத் தொடர்பு மட்டும்தான். அதே வருஷம் கால்சியம் சேனல் பிளாக்கர் என்ற ரத்த அழுத்த மருந்து பாதுகாப்பானதா என்ற சர்ச்சை பற்றி நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்த கணக்கும் இதே ரகம்: மருந்தை ஆதரித்து எழுதியவர்களில் 96 சதவீதம் பேருக்கு அந்த மருந்தைத் தயாரிக்கும் கம்பெனிகளோடு பணத்தொடர்பு, நடுநிலையாக எழுதியவர்களில் 60, எதிர்த்து எழுதியவர்களில் 37.

அப்புறம் வயாக்ஸ். 2004ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட அந்த வலி மருந்து தொடர்பான வழக்குகளில் மெர்க் கம்பெனியின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. அவற்றை வைத்து 2008ல் ஜாமாவில் வந்த கட்டுரையைப் படித்துப் பாருங்கள். மெடிக்கல் பப்ளிஷிங் ஏஜென்சிகள் ரிவ்யூவை எழுதி முடித்துவிட, மேலே ஏதாவது ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் பெயர் ஏறியிருக்கிறது. 72 ரிவ்யூக்களில் கம்பெனியின் ஆதரவையோ ஆசிரியர் வாங்கிய பணத்தையோ வெளியே சொன்னவை 36 மட்டுமே. கிளினிக்கல் ட்ரையல் கட்டுரைகளிலோ 24க்கு 22 சொல்லியிருந்தன. ட்ரையல் என்றால் சொல்லத் தெரிந்திருக்கிறது, ரிவ்யூ என்றதும் ஞாபகமறதி வந்துவிடுகிறது. வையத் கம்பெனியின் ஹார்மோன் மாத்திரை விவகாரமும் அப்படித்தான், 2009ல் நீதிமன்றம் திறந்துவிட்ட ஆவணங்களின்படி டிசைன்ரைட் என்ற ஏஜென்சிக்கு ரிவ்யூ ஒன்றுக்கு 20,000 டாலர் வரை பேசியிருந்தார்கள். உங்களிடம் "செலவில்ல" என்கிறாரே, அந்தச் செலவில்லாத வேலைக்கு அங்கே போட்ட விலை இது.

மெடிக்கல் ரைட்டர் உதவி வாங்குவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. சென்னையில் அந்த வேலையை நேர்மையாகச் செய்து சம்பாதிக்கிறவர்கள் ஏராளம், அவர்களுடைய தொழில் சங்கங்களே எங்கள் பெயரை மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கின்றன. உதவி எந்தக் கட்டத்தில், யார் காசில் வந்தது என்பதுதான் விஷயம். நீங்களே எழுதி முடித்த பிறகு உங்கள் காசிலோ கல்லூரிக் காசிலோ மொழி திருத்தினால், நன்றிக் குறிப்பில் ஒரு வரி போதும். கம்பெனி காசில் திருத்தினால் திருத்தியவர் பெயர், அவருடைய நிறுவனம், பணம் கொடுத்தது யார் என்ற மூன்றும் வர வேண்டும். "மொழித்திருத்தம் செய்தவர் இன்னார், இன்ன நிறுவனம். இதற்கான கட்டணத்தை இன்ன மருந்து நிறுவனம் கொடுத்தது. ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்ததும் முடிவுகளை எழுதியதும் ஆசிரியர்கள் மட்டுமே." இந்தப் பொருள் வருகிற மாதிரி எழுதுங்கள், கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும். கம்பெனியே அவுட்லைனும் ரெஃபரன்ஸ் பட்டியலும் அனுப்பியிருந்தால் அந்த வாக்கியத்தை எழுத முடியாது, அப்போது அந்த ரைட்டர் ஆத்தர் ஆகிறாரா என்பதே கேள்வி.

உங்கள் கட்டுரை அந்தக் கம்பெனி விற்கும் மருந்தைப் பற்றியதாகவே இருப்பதால், என் யோசனை: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடிட்டோரியல் வேலை பார்க்கிற எங்களுக்கு வேர்ட் ஃபைலைத் திறந்ததும் ப்ராப்பர்ட்டீஸைப் பார்க்கிற பழக்கம் உண்டு. ஆத்தர் என்ற இடத்தில் டாக்டர் பெயர் இருக்காது, ஏதோ ஒரு கம்யூனிகேஷன்ஸ் ஏஜென்சியின் பெயர் இருக்கும். கேள்வி கேட்டு மெயில் போட்டால் பதிலே வராது, கட்டுரை அப்படியே வேறு ஜர்னலுக்குப் போய்விடும்.

சரி, எச்ஓடிக்கு வருவோம்.

உலகம் முழுக்க மருத்துவ ஜர்னல்கள் பிடித்துக்கொண்டிருப்பது ஐசிஎம்ஜேஇ என்ற எடிட்டர்கள் குழுவின் விதி. 1978ல் வான்கூவரில் கூடி ஆரம்பித்த குழு, நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளும் இதைத்தான் கைகாட்டுகின்றன. கட்டுரையில் ஆத்தராகப் பெயர் வர நாலு நிபந்தனை, நாலும் நிறைவேற வேண்டும். ஒன்று, கட்டுரையின் யோசனையிலோ வடிவமைப்பிலோ, தகவல் திரட்டுவதிலோ, அலசுவதிலோ, பொருள் சொல்வதிலோ கணிசமான பங்கு. இரண்டு, எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை அலசி ஆராய்ந்து திருத்தியிருக்க வேண்டும். மூன்று, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல். நாலாவது 2013ல் சேர்த்தது: கட்டுரையில் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தாலும் அதை விசாரித்துத் தீர்க்கப் பொறுப்பேற்க வேண்டும். துறைத்தலைவராக இருப்பது, நிதி வாங்கித் தருவது, பொதுவாக மேற்பார்வை பார்ப்பது, இங்கிலீஷ் திருத்துவது, இவை தனியாக ஒருவரை ஆத்தர் ஆக்காது. அவர்கள் நன்றிக் குறிப்பில் வரலாம், அதுவும் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு. அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆரின் தொற்றுநோயியல் நிறுவனமான என்ஐஈ நடத்தும் ஆராய்ச்சிக் கோர்ஸை என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் முடித்து நாம் எல்லோரும் சான்றிதழ் வாங்கித்தான் வைத்திருக்கிறோம். பரீட்சை எழுதிய மறுநாளே மறந்தும்விட்டோம், அது வேறு கதை.

இந்த விதியில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. யோசனையில் பங்கு உள்ள ஒருவருக்கு, வரைவைத் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்காமலே தகுதியில்லை என்று கழற்றிவிடக் கூடாது. உங்களுக்கு வழி இங்கேதான் இருக்கிறது. இந்தத் தலைப்பை எடுக்கச் சொன்னவர் அவரா? எதைச் சேர்க்கலாம், எதுவரை போகலாம் என்று உட்கார்ந்து பேசினாரா? அப்படியானால் முதல் நிபந்தனையில் அவருக்குக் கால் இருக்கிறது, மீதியை அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். வாட்ஸப்பில் இல்லாமல் மெயிலில் எழுதுங்கள்: "சார், வரைவை இணைத்திருக்கிறேன். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கான டோஸ் பற்றிய பகுதியில் உங்கள் கருத்து வேண்டும், நான் எடுத்திருக்கும் ஆய்வுகள் போதுமா, எதையாவது விட்டிருக்கிறேனா என்று பார்த்துத் திருத்தி அனுப்புங்கள் சார். ஜர்னல் ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியாகக் கேட்கிறது, உங்கள் பங்காக எதை எழுதட்டும் என்றும் சொல்லிவிடுங்கள்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல எச்ஓடியாக இருந்தால் உண்மையிலேயே திருத்தி அனுப்புவார், கட்டுரையும் தேறும். "பார்த்துட்டேன், நல்லா இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால், என்ன நிலைமை என்று உங்களுக்கும் தெரிந்துவிடும், மெயிலிலும் பதிவாகிவிடும்.

யார் முதலில் என்பதை ஐசிஎம்ஜேஇ சொல்வதில்லை. ஆத்தர்கள் கூடிப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறது, எடிட்டர் அதில் பஞ்சாயத்து பண்ண மாட்டார். ஆனால் எழுதியவர் முதலில் என்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கம், மூத்தவர் கடைசியில் நிற்பது கௌரவமான இடம்தான். இங்கே ஏன் முதல் இடத்துக்கு இவ்வளவு சண்டை என்றால், பதவி உயர்வு. தேசிய மருத்துவ ஆணையமான என்எம்சியின் 2022 ஆசிரியர் தகுதி விதியில், முதல் மூன்று பெயர்களில் ஒருவராகவோ ஜர்னலோடு தொடர்பில் இருக்கும் கரஸ்பாண்டிங் ஆத்தராகவோ இருந்தால்தான் கணக்கு என்று இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே விதி எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டது ஒரிஜினல் கட்டுரை, மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் கணக்கைச் சேர்த்துப் போடுவது), சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (முன்பே வகுத்த முறையில் ஆய்வுகளைத் தேடித் தொகுப்பது), கேஸ் சீரீஸ் இவற்றைத்தான். உங்களுடையது நேரேட்டிவ் ரிவ்யூ. அதாவது அந்த விதிப்படி, எந்தப் புள்ளிக்காக அவர் முதல் இடம் கேட்கிறாரோ அந்தப் புள்ளியே இதில் வராது. இதைப் பக்குவமாக அவர் காதில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை, 2025ல் புது விதி வந்துவிட்டது, இப்போது அமலில் இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எச்ஓடியின் நண்பர் விஷயத்தில் யோசிக்கவே ஒன்றுமில்லை. தலைப்பே தெரியாதவர் நாலில் ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டார். "ஜர்னல் ஒவ்வொரு ஆத்தருக்கும் தனியாக மெயில் அனுப்பி உறுதி கேட்கிறது, டிஸ்க்ளோஷர் ஃபார்மும் அவரே நிரப்ப வேண்டும்" என்று சொல்லுங்கள், பெரும்பாலான ஜர்னல்களில் அது உண்மையும்கூட. பாதிப்பேர் ஃபார்ம் என்றதும் ஒதுங்கிக்கொள்வார்கள். டெலிகிராமில் "செகண்ட் ஆத்தர் ஸ்லாட் காலி, இவ்வளவு ரூபாய்" என்று வருகிற விளம்பரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி அந்த டிஸ்க்ளோஷர் ஃபார்ம், அதாவது யாரிடமிருந்து என்ன பணமும் உதவியும் வந்தது என்று சொல்லும் படிவம். இதை ஆளாளுக்கு "நன்" "நன்" (எதுவும் இல்லை) என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். ஃபார்மில் முதல் பகுதி இந்தக் கட்டுரைக்காகவே கிடைத்த உதவி, பணம், பொருள், மெடிக்கல் ரைட்டிங், எதுவாக இருந்தாலும். இதற்குக் கால வரம்பு கிடையாது, யோசனை தொடங்கிய நாளிலிருந்து கணக்கு. அடுத்தது கடந்த 36 மாதம்: கிராண்ட், ராயல்டி, கன்சல்டிங் ஃபீஸ், லெக்சர் கொடுத்ததற்கான தொகை, கான்ஃபரன்ஸ் பயணச் செலவு, காப்புரிமை, அட்வைசரி போர்டு, சங்கப் பொறுப்புகள், பங்குகள், கருவிகள், அன்பளிப்புகள். சங்கப் பொறுப்பில் சம்பளமே இல்லாவிட்டாலும் எழுத வேண்டும். "அந்தப் பணத்துக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்தால் எழுதிவிடுங்கள், எழுதியதால் கட்டுரை திரும்பி வருவது அபூர்வம்.

மூன்று வருஷத்தில் யாரிடம் என்ன வாங்கினோம் என்று ஞாபகமில்லையா? வருமான வரித் தளத்தில் உங்கள் வரவையும் பிடித்த வரியையும் காட்டும் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகள் இரண்டையும் இறக்கிப் பாருங்கள். நட்சத்திர ஓட்டல் ஹாலில் நீங்கள் முக்கால் மணி நேரம் பேசியதற்கு வந்த தொகை, டிடிஎஸ் பிடித்திருந்தால், கொடுத்த கம்பெனி பெயரோடு அங்கே உட்கார்ந்திருக்கும். சில சமயம் கம்பெனி பெயருக்குப் பதிலாக ஈவன்ட் ஏஜென்சி பெயர் இருக்கும், அப்போது பின்னால் இருந்த மருந்து கம்பெனி எது என்று கண்டுபிடித்து இரண்டையும் எழுதுங்கள். 2022 ஜூலையிலிருந்து பொருளாகவோ பயணமாகவோ கொடுத்தாலும் வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் உண்டு. அதற்குச் சில மாதம் முன்புதான், பிப்ரவரியில், நம் சென்னைக் கம்பெனியான அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் டாக்டர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்க முடியாது என்றது. 2024ல் வந்த மருந்து விற்பனை நெறிமுறையோ, பேச்சாளராக வராத டாக்டருக்குப் பயணச் செலவு கொடுக்கக் கூடாது என்கிறது. ஆக, விதிப்படி வாங்கவே கூடாததை வாங்கியிருந்தால் அதை ஃபார்மில் எழுதவும் கை வராது. அந்தச் சிக்கலுக்கு என்னிடம் மருந்து இல்லை.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹோசே பசெல்கா ஒருவரே போதும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர், மார்பகப் புற்றுநோயில் உலகப் பெயர். கம்பெனிகளிடமிருந்து வாங்கிய பல மில்லியன் டாலரைப் பல கட்டுரைகளில் சொல்லவில்லை என்று 2018 செப்டம்பரில் செய்தி வந்தது, சில நாட்களிலேயே பதவி விலகினார். ஆய்வு பொய் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதுதான் குற்றம்.

நீங்கள் அனுப்பப்போகும் இடத்தைப் பொறுத்து இது இன்னும் கடுமையாகலாம். சில இடங்களில் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, தொடர்பு இருந்தாலே எழுத முடியாது. காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு வெளியிடும் ரிவ்யூக்களில் 2020 விதிப்படி முதல் ஆத்தருக்கும் கடைசி ஆத்தருக்கும் அப்படிப்பட்ட பணத்தொடர்பு இருக்கக் கூடாது, குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குப் பேருக்காவது இருக்கக் கூடாது. பின்னால் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எழுதும் ஆசை இருந்தால், அதில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தும் பிரிஸ்மா 2020 பட்டியலில் நிதி உதவியும் நலன் முரண்பாடும் தனித்தனி இனங்கள் என்பதையும், நீங்கள் சேர்த்த ஒவ்வொரு ஆய்வுக்கும் யார் பணம் கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்களா என ரிவ்யூவின் தரத்தை அளக்கும் ஆம்ஸ்டார் 2 கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நேரேட்டிவ் ரிவ்யூவில் இதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் உங்கள் டேபிளில் "நிதி" என்று ஒரு நெடுவரிசை கூட்டிப் போட்டுப் பாருங்கள், எத்தனை ட்ரையல் அந்தக் கம்பெனியுடையதே என்று உங்களுக்கே தெரியவரும்.

சாட்ஜிபிடி பற்றிக் கவலையே வேண்டாம், சொல்லிவிட்டால் போதும். 2023லிருந்து ஐசிஎம்ஜேஇ நிலைப்பாடு தெளிவாக இருக்கிறது: அதை ஆத்தராகப் போட முடியாது, ஏனென்றால் பொறுப்பேற்க அதனால் முடியாது. பயன்படுத்தியதைக் கவர் லெட்டரிலும் கட்டுரையிலும் சொல்ல வேண்டும், எழுத்துக்கு உதவியிருந்தால் நன்றிக் குறிப்பில். எந்தக் கருவி, எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். ரெஃபரன்ஸ் எதையும் அது கொடுத்திருந்தால் ஒவ்வொன்றையும் மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் தேடி, திறந்து, படித்துவிட்டு வையுங்கள், இல்லாத கட்டுரைக்கு அழகாகத் தலைப்பும் வருஷமும் போட்டுக் கொடுக்கும். ஜர்னலுக்கு ஜர்னல் இதில் விதி மாறுகிறது, அனுப்பும் அன்றைக்கு ஆத்தர் இன்ஸ்ட்ரக்‌ஷனைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கட்டுரை அனுப்புவதற்கு முன்பே பெயர் வரிசை, ஒவ்வொருவரின் பங்கு, டிஸ்க்ளோஷர் மூன்றையும் ஒரே மெயிலில் போட்டு எல்லோரிடமும் "சரி" வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு, வெளியிடும் முன் கடைசியாகச் சரிபார்க்க ப்ரூஃப் வரும். வெளிநாட்டு ஜர்னலாக இருந்தாலும் அந்த மெயில் பெரும்பாலும் நம் சென்னையில் இருக்கும் ஏதாவது ஒரு டைப்செட்டிங் கம்பெனியிலிருந்துதான் வரும், இரண்டு மூன்று நாளில் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் எச்ஓடிக்கு இன்னொரு நண்பர் ஞாபகம் வரும். ப்ரூஃபில் பெயர் சேர்க்க முடியாது, அனுப்பிய பிறகு எந்த மாற்றம் என்றாலும் பழையவர் புதியவர் எல்லோருடைய கையெழுத்தோடும் காரணத்தோடும் எடிட்டருக்கே போக வேண்டும், பல சமயம் அங்கேயே நின்றுவிடும். டிஸ்க்ளோஷரில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் மட்டும் ப்ரூஃபிலேயே தயங்காமல் எழுதிச் சேருங்கள், கட்டுரை வெளிவந்த பிறகு தெரிந்தால் எடிட்டருக்கு நீங்களே எழுதித் திருத்தம் போடச் சொல்லுங்கள்.

கம்பெனிக்காரருக்கு மட்டும் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், அவர் டீம் வேலையை ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதையும் ஃபார்மில் எழுத வேண்டி வரும்.